சமஸ்தான வித்துவான் (இராமநாதபுரம்)

சமஸ்தான வித்துவான் என்பது அரசர் அல்லது ஜமீன்தாரின் அவையில் புலமைக்காக அளிக்கப்பட்ட பதவியாகும். ஆஸ்தான வித்துவான், அவைக்களப் புலவர், அரண்மனைப் புலவர் எனவும் இது வழங்கப்பட்டது. தமிழ்நாட்டின் தென்கிழக்குக் கடற்கரையில் சேதுபதிகள் ஆண்ட இராமநாதபுரத்தில் இப்பதவி 17ஆம் நூற்றாண்டு முதல் 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை ஏறத்தாழத் தொடர்ந்து இருந்துவந்தது. மன்னரைப் புகழ்ந்து பாடுவதில் தொடங்கிய இப்பதவி, ஏட்டுச்சுவடிகளை ஆராய்ந்து பதிப்பிப்பதும் இதழ் நடத்துவதும் ஆக மாறியது. அதனால் இது தமிழ் இலக்கிய வரலாற்றிலும் இடம் பெறுகிறது.

பின்னணி

இராமேசுவரத்துக்குச் செல்லும் சேது வழியையும் யாத்திரிகர்களையும் காப்பவர் என்ற பொருளில் சேதுபதி என்னும் பட்டம் வழங்கியது. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மதுரை முத்துக்கிருஷ்ணப்ப நாயக்கர் சடைக்கத் தேவரைச் சேதுபதியாக ஏற்றார். தலைநகர் முதலில் போகலூரில் இருந்தது. கிழவன் சேதுபதி காலத்தில் அது இராமநாதபுரத்துக்கு மாற்றப்பட்டது.

சேது நாடு பெரும்பாலும் வானம் பார்த்த பூமி. கண்மாய்ப் பாசனத்தை நம்பிய உழவர்கள் செலுத்திய வரியும் கடல்வழி வருவாயுமே அரண்மனைக்கு ஆதாரம். கோயில், அன்னசத்திரம், படை ஆகியவற்றோடு புலவர்களுக்கான செலவும் அந்த வருவாயிலிருந்தே நடந்தது.

பதவியின் கடமைகளும் உரிமைகளும்

அவைப் புலவரின் முதற்கடமை, ஆட்சியாளரைப் பாட்டுடைத் தலைவராகக் கொண்டு கோவை, உலா, தூது, மாலை போன்ற சிற்றிலக்கியங்கள் இயற்றுவதாகும். நூல் முடிந்ததும் அதை அவையில் அரங்கேற்ற வேண்டும். கற்றோர் எழுப்பும் தடைகளுக்கு விடை சொல்ல வேண்டும். வெளியூர்ப் புலவர் வந்தால் அவரது புலமையை ஆராய்ந்து மன்னருக்கு எடுத்துரைப்பதும், அரச குடும்பத்துப் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிப்பதும் வழக்கம்.

நவராத்திரியின்போது அரண்மனையில் இராசராசேசுவரி அம்மனுக்கு விழா நடைபெறும். புலவர்களும் இசைவாணர்களும் கூடும் காலமாக அது இருந்தது. அப்போது சால்வை, பொன், பட்டம் ஆகியவை வழங்கப்பட்டன. இத்தகைய பரிசு ஒருமுறைக்குரியது. வரி நீக்கிய நிலமோ ஊரோ மானியமாகக் கிடைத்தால் அது தலைமுறைக்கும் தொடரும். இதனால் புலமை சில குடும்பங்களின் பரம்பரைத் தொழிலாகவும், அவர்களின் வீடுகள் ஏடுகளைக் காக்கும் இடங்களாகவும் ஆயின.

புகழ்ப்பாடல் காலம்

திருமலை சேதுபதி எனப்படும் இரகுநாத சேதுபதியின் காலம் (17ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி) இப்பதவியின் முதல் சிறப்புக் காலமாகும். பொன்னங்கால் அமிர்த கவிராயர் அவர்மேல் ஒருதுறைக் கோவை பாடினார். கோவை நூல்கள் பொதுவாக அகப்பொருள் துறைகள் பலவற்றையும் வரிசையாகப் பாடும். இந்நூலோ நாணிக்கண் புதைத்தல் என்ற ஒரே துறையை மட்டும் எடுத்துக்கொண்டு 400 பாடல்களில் விரிக்கிறது. தலைவி நாணத்தால் கண்ணை மூடிக்கொள்வதை நானூறு விதமாகச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு பாடலிலும் சேதுபதியின் பெருமையும் இடம்பெற வேண்டும். அவைப் புலவரிடம் எவ்வகைத் திறமை எதிர்பார்க்கப்பட்டது என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

மிதிலைப்பட்டி அழகிய சிற்றம்பலக் கவிராயர் அதே சேதுபதிமீது தளசிங்கமாலை பாடினார். பிற்காலத்தில் மதுரைப் பலபட்டடைச் சொக்கநாதப் புலவர், இராமேசுவரத்து இறைவனைத் தலைவராகக் கொண்டு தேவையுலாவையும், சேதுபதியைத் தலைவராகக் கொண்டு பணவிடு தூதையும் இயற்றினார். தேவை என்பது இராமேசுவரத்தின் மற்றொரு பெயர். கோயிலுக்கும் அரண்மனைக்கும் ஒரே புலவர் பாடுவது சேது நாட்டில் இயல்பாக இருந்தது.

இந்நூல்கள் பெரும்பாலும் புகழுரைகளே. உழவரின் நிலையையோ பஞ்சத்தையோ அவற்றில் தேடினால் கிடைப்பது அரிது. பாடியவர்களின் வாழ்வு பாடப்பட்டவரின் கையில் இருந்ததே அதற்குக் காரணம்.

ஆட்சி போனபின்

1795இல் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி முத்துராமலிங்க சேதுபதியைப் பதவி நீக்கிச் சிறையில் அடைத்தது. அவர் 1809இல் சிறையிலேயே இறந்தார். 1803இல் அவரது தமக்கை மங்களேசுவரி நாச்சியார் ஜமீன்தாரிணியாக ஏற்கப்பட்டார். படையும் போர் செய்யும் உரிமையும் போயின. நிலவருவாயில் கம்பெனிக்குக் கட்ட வேண்டிய பேஷ்குஷ் போக எஞ்சியதே ஜமீனுக்கு உரியதாயிற்று.

ஆனால் அவைப் புலவர் பதவி மறையவில்லை. அரசுரிமை இழந்த குடும்பத்துக்குக் கோயில் மரியாதைகளும் நவராத்திரி விழாவும் வித்துவான்களின் அவையுமே பழைய பெருமையின் அடையாளங்களாக எஞ்சியதால், அவற்றின் முக்கியத்துவம் கூடியது எனலாம்.

அதே நூற்றாண்டில் அச்சு இயந்திரம் தமிழ்நூல்களுக்குப் பரவலாகப் பயன்படத் தொடங்கியது. சமஸ்தானத்தை நிருவகித்த பொன்னுசாமித் தேவர் (1837–1870) யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலரின் பதிப்புகளுக்குப் பொருளுதவி செய்தார். திருக்கோவையார் உரை (1860), திருக்குறள் பரிமேலழகர் உரை (1861) ஆகியவை இவ்வாறு வெளிவந்தவற்றுள் அடங்கும். புலவருக்குக் கொடுத்த பொருள் ஒரு மன்னரின் புகழாக மட்டும் முடியாமல், பலர் கைக்கும் சென்ற நூலாக மாறியது இக்காலத்தில்தான்.

இரு இராகவையங்கார்கள்

1873இல் முத்துராமலிங்க சேதுபதி (பொன்னுசாமித் தேவரின் உடன்பிறந்தவர்) மறைந்தபோது வாரிசு சிறுவராக இருந்ததால், சமஸ்தானம் கோர்ட் ஆப் வார்ட்ஸ் நிருவாகத்தின்கீழ் வந்தது. 1889இல் பாஸ்கர சேதுபதி (1868–1903) பொறுப்பேற்றார். சுவாமி விவேகானந்தரின் சிகாகோ பயணத்துக்குத் துணைநின்றவராக அறியப்படும் இவர், தம் அவையில் தமிழ், வடமொழி, இசை வல்லுநர்களை ஆதரித்தார். இசைவாணர் பூச்சி ஸ்ரீநிவாச ஐயங்கார் (1860–1919) இச்சமஸ்தானத்தின் ஆஸ்தான வித்துவானாக விளங்கினார். அரியக்குடி இராமானுஜ ஐயங்கார் இவருடைய மாணவர்.

தமிழ்ப்புலவர்களுள் சதாவதானம் முத்துசுவாமி ஐயங்கார் பொன்னுசாமித் தேவரின் மகன் பாண்டித்துரைத் தேவருக்குத் (1867–1911) தமிழ் கற்பித்தவர். அவருடைய மருமகன் (சகோதரியின் மகன்) ரா. இராகவையங்காரும் (1870–1946), மகன் மு. இராகவையங்காரும் (1878–1960) அடுத்தடுத்துச் சேது சமஸ்தான வித்துவான்கள் ஆயினர். பழைய பரம்பரை முறை இங்கும் தொடர்ந்தது. எனினும் இவர்கள் செய்த பணி முற்றிலும் வேறு.

1901 செப்டம்பர் 14 அன்று பாண்டித்துரைத் தேவர் மதுரையில் நான்காம் தமிழ்ச் சங்கத்தை நிறுவினார். பாஸ்கர சேதுபதி அதற்குத் துணைநின்றார். சங்கத்தின் இதழான செந்தமிழ் 1902இல் தொடங்கியபோது ரா. இராகவையங்கார் அதன் முதல் ஆசிரியரானார்; பின்னர் மு. இராகவையங்கார் அப்பொறுப்பை ஏற்றார். ஏட்டிலிருந்த பழைய நூல்களை வெளியிடுவதும், கல்வெட்டு, இலக்கியம் ஆகியவற்றைக் கொண்டு வரலாறு எழுதுவதும் இதழின் பணிகளாயின. ஆ. சிங்காரவேலு முதலியார் தொகுத்த அபிதான சிந்தாமணி என்னும் தமிழ்க் கலைக்களஞ்சியமும் 1910இல் இச்சங்கத்தின் வழியே வெளிவந்தது.

ரா. இராகவையங்கார் சேரர் தலைநகர் எது என்ற சிக்கலை வஞ்சிமாநகர் என்ற நூலில் ஆராய்ந்தார். காளிதாசரின் சாகுந்தலத்தைத் தமிழாக்கினார். 1935 முதல் சில ஆண்டுகள் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சித் துறையில் பணியாற்றினார். மு. இராகவையங்கார் 1913 முதல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதிப் பணியில் தலைமைத் தமிழ்ப் பண்டிதராக இருந்தார். இருவரும் அரண்மனையிலிருந்து பல்கலைக்கழகத்துக்குச் சென்றமை, தமிழ்ப்புலமையைத் தாங்கும் பொறுப்பு கைமாறிக்கொண்டிருந்ததைக் காட்டுகிறது.

குறைகளும் முடிவும்

இப்பதவி தனிமனிதரின் கொடையை நம்பியது. அதுவே அதன் பெரிய குறை. பாஸ்கர சேதுபதியின் கொடைகளோடு கடனும் பெருகி, நிருவாகம் அவர் கையை விட்டுச் சென்றது. அவர் 35 வயதில் மறைந்தார். புரவலர் மறைந்தாலோ சொத்து வழக்கில் சிக்கினாலோ புலவரின் வாழ்வும் தடுமாறும். பெரும்பாலும் சில குடும்பத்தினருக்கே இவ்வாய்ப்புக் கிடைத்தது என்பதும் குறிப்பிடத்தக்கது.

சென்னை மாகாணத்தின் 1948ஆம் ஆண்டு ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப்பின் இராமநாதபுரம் ஜமீனின் நிலவருவாய் நின்றது. உழவருக்கு அது நெடுங்காலக் கோரிக்கையின் நிறைவேற்றம். சமஸ்தான வித்துவான் பதவிக்கோ பொருளாதார அடிப்படையே இல்லாமற்போயிற்று.

பிறநாட்டு ஒப்பீடு

இங்கிலாந்தில் 1668இல் ஜான் டிரைடன் அரசவைக் கவிஞராக நியமிக்கப்பட்டார். 1843இல் அப்பதவியை ஏற்ற வில்லியம் வேர்ட்ஸ்வொர்த், அரச நிகழ்ச்சிகளுக்குப் பாட வேண்டியதில்லை என்ற உறுதி பெற்ற பின்னரே அதற்கு இசைந்தார். அங்குப் பதவி பெயரளவில் இன்றும் நீடிக்கிறது, கடமை குறைந்தது. சேது நாட்டில் பதவி மறைந்துவிட்டது. அதன் கடமை தமிழ்ச் சங்கம், அகராதி, பல்கலைக்கழகம் எனப் பிற நிறுவனங்களுக்குச் சென்றது.

எஞ்சியவை

மதுரைத் தமிழ்ச் சங்கம் இன்றும் உள்ளது. இராமநாதபுரம் அரண்மனையின் இராமலிங்க விலாசம், சுவரோவியங்களுடன் தமிழ்நாடு தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. அவைப் புலவர் குடும்பங்கள் காத்த ஏடுகளின் பயன் இவற்றினும் பெரிது. உ. வே. சாமிநாதையர் 1898இல் மணிமேகலையைப் பதிப்பித்தபோது அவருக்கு உதவிய பிரதிகளுள் ஒன்று, மிதிலைப்பட்டிக் கவிராயர் வீட்டிலிருந்து கிடைத்ததாகும். சேதுபதியைப் பாடிய குடும்பம், மானியமும் பரிசும் பெற்று வாழ்ந்த காலத்தில் வீட்டில் காத்துவைத்த சுவடி அது.