பிடிபடாத துடிப்பு

சிட்னியின் செவன் ஹில்ஸில் எங்கள் தெருவிலேயே குடியிருக்கும் யாழ்ப்பாணத்து அம்மையார் ஒருவர், ஒரு காலை வேளையில் இடியப்பத் தட்டை எடுக்கக் குனிந்து நிமிர்ந்த கணத்திலேயே தம் நெஞ்சு படபடவென்று அடிக்கத் தொடங்கித் தொண்டைக்குழி வரையில் ஏறித் துடித்ததாகவும், அரைமணி நேரம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்த பிறகு, தொடங்கியது போலவே சட்டென்று நின்றுவிட்டதாகவும் என்னிடம் சொன்னார். அது முதல் ஆறு வருஷமாக இதே கதைதான். "டொக்டரிட்டப் போய்ச் சேரேக்க எல்லாம் அடங்கிப் போயிடுது, தம்பி. நான் பொய் சொல்லுறன் எண்டு நினைக்கினமோ எண்டு வெக்கமாக் கிடக்கு" என்று அவர் தலைகுனிந்தபோது, வியாதியைவிட அந்த வெட்கமே அவரை அதிகமாக வாட்டியிருக்கிறது என்று கண்டு மனம் வருந்தினேன்.

நெஞ்சுப் படபடப்பில் பெரும்பாலானவை அபாயமற்றவை என்பது உண்மையே. காய்ச்சல், இரத்தசோகை, தைராய்டுக் கோளாறு, மனக்கலக்கம், அளவு மீறிய காப்பி ஆகிய எதுவும் காரணமாகலாம். ஆனால் சட்டென்று தொடங்கிச் சட்டென்று நிற்பது வேறு ஜாதி. இருதயத்தின் மேலறைகளிலிருந்து கீழறைகளுக்கு மின்சார ஆக்ஞை இறங்கும் கணுவின் அருகே சிலருக்கு ஒன்றுக்கு இரண்டாகப் பாதைகள் அமைந்திருக்கின்றன; வேளை தப்பிப் பிறந்த துடிப்பு ஒன்று ஒரு பாதையில் இறங்கி மற்றதில் ஏறிச் செக்குமாடு போலச் சுற்றத் தொடங்கிவிட்டால், நிமிஷத்துக்கு 60 முதல் 100 வரை அடிக்க வேண்டிய நாடி 150, 200 என்று பாய்கிறது. மேலறையும் கீழறையும் ஏககாலத்தில் சுருங்குவதால் இரத்தம் கழுத்துக் குழாய்களுக்கே திரும்பி மோதுகிறது. அம்மையாரின் தொண்டைக்குழியில் துடித்தது அதுதான்.

இந்த வியாதிக்கும் எங்கள் வட்டாரத்துக்கும் ஒரு விசேஷ சம்பந்தம் உண்டு. செவன் ஹில்ஸிலிருந்து கிழக்கே நான்காவது ரயில் நிலையம் வெஸ்ட்மீட். அங்குள்ள ஆஸ்பத்திரியில் டேவிட் ராஸ், ஜான் ஊத்தர் முதலிய வைத்தியர்கள், கணுவை அழித்துவிடாமலே அதைச் சுற்றியுள்ள திசுவைப் பிரித்து இச்சுழற்சியை நிறுத்திவிடலாம் என்பதை அறுவைச் சிகிச்சையால் நிரூபித்து, 1985-ல் வெளியிட்டார்கள். இன்று மார்பைத் திறக்கவே வேண்டியதில்லை. தொடை இடுக்கின் இரத்தக் குழாய் வழியே மெல்லிய கம்பியை இருதயத்துக்குள் செலுத்தி, மிகைப் பாதையைச் சூட்டினால் பொசுக்கிவிடுகிறார்கள். நூற்றில் 95 பேருக்கு மேல் குணம் காண்கிறார்கள். மிகச் சிலருக்குக் கணு பழுதாகி பேஸ்மேக்கர் வைக்க நேரிடலாம் என்பதையும் மறைக்கலாகாது.

இத்தனை வித்தை வளர்ந்திருந்தும், துடிப்பு ஓடிக்கொண்டிருக்கும்போதே அது ஈசீஜியில் பதியாவிட்டால் வைத்தியர் கை கட்டுண்டு போகிறது. ஆகையால் துடிப்பை இடைவிடாமல் பதியும் ஹோல்ட்டர் கருவியை ஒரு நாள் மாட்டிப் பார்த்து ஒன்றும் அகப்படவில்லை என்றால், சோர்ந்துவிடாமல், இன்னும் நீண்ட நாள் பதிவு செய்யும் கருவியைக் கேட்க வேண்டும். இது ஒருபுறமிருக்க, முதியவர்களுக்கு நாடி தாளம் தப்பி அடித்தால் அது வேறு கோளாறு; இரத்தம் உறைந்து பக்கவாதம் வரை கொண்டுபோகக்கூடும். அதற்கு வைத்தியரைப் பார்ப்பதை ஒத்திப்போடக் கூடாது. மயக்கமோ மார்புவலியோ மூச்சுத்திணறலோ சேர்ந்தால், காரை எடுக்காமல் 000-ஐ அழைக்க வேண்டும். ஆங்கிலம் தடுமாறுகிறவர்கள் 131 450 என்ற எண்ணில் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்டுப் பெறலாம். நெஞ்சுக்குள் நடப்பதைத் தாய்மொழியிலே சொல்வது எத்தனை பெரிய ஆறுதல்!

போன மாதம், துடிப்பு நிற்பதற்கு முன்பே அம்மையாரை மகள் அவசரப் பிரிவுக்குக் கொண்டு சேர்த்துவிட்டாள். கையிலே அடினோசின் ஊசி ஏற்றியபோது சில விநாடிகள் நெஞ்சை யாரோ அமுக்குவது போலிருந்ததாம். உடனே எல்லாம் அமைதியாயிற்றாம். அன்று பதிவான ஈசீஜி காகிதத்தை நான்காக மடித்துக் கைப்பையில் வைத்திருக்கிறார். அதை விரித்து, நெருக்கமாக எழுந்து நின்ற கோடுகளின்மேல் விரலை ஓட்டிக் காட்டி, "இஞ்ச பார் தம்பி" என்றார்.