பதினெட்டு என்று எந்த எலும்பில் எழுதியிருக்கிறது?

எங்கள் தலைமுறையில் ஒன்றாம் வகுப்பில் சேர ஒரு சோதனை இருந்தது. வலது கையைத் தலைக்கு மேல் வளைத்து இடது காதைத் தொட வேண்டும். விரல் எட்டினால் பதிவேட்டில் பெயர் ஏறும். எட்டாவிட்டால் அடுத்த ஆண்டு வரச் சொல்வார்கள். பிறந்த தேதி வீட்டில் சரியாகத் தெரியாவிட்டால் தலைமையாசிரியரே ஒன்றைப் போட்டுக்கொள்வார். அப்படி மே மாதத்திலும் ஜூன் மாதத்திலும் "பிறந்தவர்கள்" தமிழ்நாட்டில் ஏராளம். அந்தத் தேதியை வைத்தே வேலைக்குப் போனார்கள், ஓய்வும் பெற்றார்கள். பெரிய பாதகம் ஒன்றும் நேரவில்லை.

இங்கிலாந்தின் தென்கிழக்குக் கரையில், டோவர் துறைமுகத்தில், வயதைக் கணிப்பது அவ்வளவு எளிய காரியம் அல்ல. ஆங்கிலக் கால்வாயை ரப்பர் படகில் கடந்து, நனைந்த துணியோடு ஒரு பையன் கரையேறுகிறான். கையில் காகிதம் எதுவும் இல்லை. வயது என்ன என்று கேட்கிறார்கள். பதினேழு என்கிறான். அதை நம்பினால் அவனுக்கு ஒரு வாழ்க்கை. நம்பாவிட்டால் வேறொரு வாழ்க்கை.

நம்பினால், 1989ஆம் ஆண்டின் சிறார் சட்டப்படி உள்ளாட்சி மன்றம் அவனைப் பொறுப்பேற்க வேண்டும். வளர்ப்புக் குடும்பமோ சிறார் இல்லமோ கிடைக்கும். பள்ளிக்கூடம் உண்டு. பதினெட்டு கடந்த பிறகும் சில ஆண்டுகளுக்கு உள்ளாட்சியின் உதவி தொடரும். நம்பாவிட்டால், முன்பின் தெரியாத பெரியவர்களோடு ஒரு ஓட்டல் அறை, அல்லது தடுப்புக்காவல். 2022இல் வந்த சட்டம் அனுமதியின்றி நாட்டுக்குள் வந்து சேர்வதையே குற்றமாக்கியது. அதன்பின், படகின் சுக்கானைப் பிடித்ததாகப் பிடிபட்ட சிலர், தாங்கள் சிறுவர்கள் என்று சொல்லியும் பெரியவர்களுக்கான சிறையில் மாதக்கணக்கில் கிடந்திருக்கிறார்கள்.

இரண்டு பேரின் பார்வை

முதல் முடிவு கரையிலேயே எடுக்கப்படுகிறது. குடிவரவு அதிகாரிகள் இருவர் அந்த இளைஞனின் தோற்றத்தையும் நடந்துகொள்ளும் விதத்தையும் பார்க்கிறார்கள். "பதினெட்டைவிட மிகவும் கூடுதலான வயது" என்று இருவருக்கும் வலுவாகத் தோன்றினால் பெரியவர் என்று எழுதிவிடலாம். இந்த விதி நீதிமன்றத்துக்குப் போனது. பிழைக்குப் போதிய இடம் விடவில்லை என்று 2019இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது; கொஞ்ச காலம் "இருபத்தைந்துக்கு மேல் தெரிந்தால்தான்" என்று அளவு மாறியது. 2021இல் உச்ச நீதிமன்றம் பழைய விதி சட்டப்படி செல்லும் என்றதும் அளவு மறுபடி பதினெட்டுக்கு வந்தது.

அந்தப் பார்வை விழும் முகத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். மாதக்கணக்கில் நடந்து, லிபியாவிலோ துருக்கியிலோ அடிபட்டு, பிரான்சின் கலே கரையில் கூடாரத்தில் உறங்கி, இரவு முழுக்கக் கடலில் உப்புக் காற்று வாங்கிய முகம் அது. வழிப்பயணமே ஒரு பையனை மூப்பாக்கிவிடும். மீசை முளைப்பதும் தாடி அடர்வதும் இனத்துக்கு இனம், குடும்பத்துக்குக் குடும்பம் வேறுபடும் என்பது நம் வீட்டுப் பிள்ளைகளைப் பார்த்தாலே தெரியும்.

இந்தப் பார்வையைத் தாண்டி ஒரு முறையான விசாரணையும் இருக்கிறது. 2003இல் லண்டனின் மெர்ட்டன் உள்ளாட்சி தொடர்பான வழக்கில் வந்த தீர்ப்பால் அதற்கு "மெர்ட்டன் முறை" என்றே பெயர். பயிற்சி பெற்ற சமூகப் பணியாளர்கள் இருவர், ஒரு மொழிபெயர்ப்பாளர், பையனுக்குத் துணையாக ஒரு பெரியவர். பள்ளிக்கு எந்த வயதில் போனாய், தம்பிக்கும் உனக்கும் எத்தனை வயது வித்தியாசம், அப்பா இறந்தபோது நீ எந்த வகுப்பில் இருந்தாய், ஊரைவிட்டுக் கிளம்பியது எந்த நோன்பு மாதத்துக்கு முன்னால் என்று ஒவ்வொன்றாகக் கேட்பார்கள். சந்தேகம் எழுந்தால் அதை அவனிடமே சொல்லி, பதில் சொல்ல வாய்ப்பளிக்க வேண்டும். தோற்றத்தை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது. 2009இல் குராய்டன் உள்ளாட்சிக்கு எதிரான வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னொன்றும் சொன்னது: ஒருவர் சிறுவரா என்பது உண்மை நிலவரம் பற்றிய கேள்வி, அதிகாரியின் கருத்தோடு அது முடிந்துவிடாது, தகராறு வந்தால் நீதிமன்றமே தீர்மானிக்கும். நல்ல முறைதான். ஆனால் வாரக்கணக்கில், சில நேரம் மாதக்கணக்கில் இழுக்கும். ஆளும் பணமும் வேண்டும்.

நாள்காட்டியே ஒரு சிக்கல். எத்தியோப்பிய நாள்காட்டி நம் சுவரில் தொங்கும் ஆங்கில நாள்காட்டிக்கு ஏழு அல்லது எட்டு ஆண்டு பின்னால் ஓடுவது. அதில் மாதங்கள் 13. அந்தக் கணக்கில் "2000இல் பிறந்தேன்" என்று ஒரு பையன் சொன்னால் நம் கணக்குக்கு அது 2007 செப்டம்பருக்கும் 2008 செப்டம்பருக்கும் இடையே வரும். 2024 அக்டோபரில் கரையேறியவனுக்கு வயது பதினாறு அல்லது பதினேழு. மொழிபெயர்ப்பாளர் கவனிக்காமல் 2000 என்றே சொல்லி, அதிகாரி அப்படியே எழுதிவிட்டால் அவனுக்கு இருபத்து நான்கு. அதே வயது ஆப்கன் பிள்ளைக்கு அவன் ஊர் நாள்காட்டியில் பிறந்த ஆண்டு 1386 என்று இருக்கும். இதில் பொய் சொன்னவர் யாருமில்லை.

இரண்டு கணக்குகள்

அரசியல் மேடையில் இரண்டு புள்ளிவிவரங்கள் மோதுகின்றன. வயது பற்றித் தகராறு எழுந்து முடிவான வழக்குகளில் ஏறக்குறைய பாதிப் பேர் பெரியவர்கள் என்று தெரியவந்தது என்பது பிரிட்டன் உள்துறை அமைச்சகம் ஆண்டுக்கணக்கில் சொல்லிவரும் கணக்கு. ஹெலன் பாம்பர் அறக்கட்டளையும் வேறு இரு அமைப்புகளும் 2024 ஜனவரியில் வெளியிட்டது வேறு கணக்கு. கரையில் பெரியவர் என்று எழுதப்பட்டு, பிறகு உள்ளாட்சிகளிடம் வந்து சேர்ந்தவர்களை அவர்கள் எண்ணினார்கள். 2022 ஜனவரி முதல் 18 மாதங்களில் 1,300க்கும் மேற்பட்டோர் உண்மையில் சிறார் என்று உள்ளாட்சிகள் முடிவு செய்திருந்தன. 2022இல் மட்டும், முடிவு தெரிந்தவர்களில் நூற்றுக்கு 63 பேர்.

இரண்டுமே பொய்யில்லை, எண்ணும் கூட்டம்தான் வேறு. இரண்டிலும் சேராத மூன்றாவது கூட்டம் ஒன்று உண்டு: பெரியவர் என்று ஓட்டலுக்கு அனுப்பப்பட்டு, எவரிடம் முறையிடுவது என்றே தெரியாமல் இருந்துவிட்ட பிள்ளைகள். எனக்கு அதிகம் உறுத்துவது இவர்கள்தான்.

மறுபக்கத்து அச்சத்தையும் வெறும் வெறுப்பு என்று தள்ளிவிட முடியாது. 2019 கடைசியில் தனக்குப் பதினான்கு வயது என்று சொல்லி வந்த ஒருவரை வளர்ப்புக் குடும்பத்தில் வைத்துப் பள்ளியிலும் சேர்த்தார்கள். 2022 மார்ச்சில் போர்ன்மத் நகரில் அவர் 21 வயது இளைஞர் ஒருவரைக் கத்தியால் குத்திக் கொன்றார். சொன்ன வயதைவிட அவர் பல ஆண்டு மூத்தவர் என்பதும், செர்பியாவில் முன்பே கொலை செய்தவர் என்பதும் வழக்கில் வெளிவந்தன. தன் மகள் படிக்கும் வகுப்பில் வளர்ந்த ஆண் ஒருவர் உட்கார்ந்திருக்கக் கூடாது என்று ஒரு தாய் கேட்பது நியாயம்.

அந்த அச்சத்துக்குக் கட்சிகள் தந்த விடைதான் சட்டங்களாக வந்தது. 2016இல் கலே முகாமிலிருந்து பிள்ளைகளை அழைத்து வந்தபோதே, பல்லை எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள் என்று ஒரு கன்சர்வேடிவ் எம்.பி. கேட்டார், அது முறையல்ல என்று பிரிட்டிஷ் பல் மருத்துவர் சங்கம் மறுத்தது. 2022 சட்டம் "அறிவியல் முறை"களுக்கு வழி திறந்தது. 2023இல் உள்துறை அமைச்சகத்துக்குள்ளேயே தேசிய வயது மதிப்பீட்டு வாரியம் அமைந்தது. வழக்காடும் தரப்பே தீர்ப்பும் சொல்லலாமா என்ற கேள்வி அன்றிலிருந்து ஓயவில்லை. ஆட்சி மாறி லேபர் வந்தபின் 2025 ஜூலையில், முகத்தைப் பார்த்து வயது கணிக்கும் செயற்கை நுண்ணறிவை 2026இல் கொண்டுவரப் போவதாக அன்றைய எல்லைப் பாதுகாப்பு, தஞ்சம் துறை இணையமைச்சர் ஆஞ்செலா ஈகிள் அறிவித்தார். 2025 நவம்பரில் உள்துறை அமைச்சர் ஷபானா மஹ்மூத், டென்மார்க் பாணியில் அகதி நிலையைத் தற்காலிகமாக்கி, 30 மாதத்துக்கு ஒருமுறை மறுபரிசீலனை என்றும் நிரந்தர வசிப்புரிமைக்கு 20 ஆண்டுகள் என்றும் திட்டம் வைத்தார். விதிகள் இறுக இறுக, சிறாருக்கான கதவின் மீது எல்லோர் கண்ணும் விழுகிறது. வயதுத் தகராறும் கூடுகிறது.

எலும்பும் முகமும்

எலும்பு பேசாதா என்று கேட்கலாம். பேசும், ஆனால் ஆண்டும் தேதியும் சொல்லாது. மணிக்கட்டு எலும்பின் நுனியிலுள்ள குருத்து பல பையன்களுக்குப் பதினெட்டுக்கு முன்பே மூடிவிடும். காறையெலும்பு கடைசியாக முதிர்வது. அது இருபதுகளிலும் தொடரும். ஞானப்பல் சிலருக்கு முளைப்பதே இல்லை. மணிக்கட்டு எக்ஸ்ரேயை ஒப்பிட உலகெங்கும் பயன்படும் கிருலிக்–பைல் படத்தொகுப்பு, 1930களிலும் 40களிலும் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் வசதியாக வளர்ந்த வெள்ளையினப் பிள்ளைகளின் கைகளைப் படமெடுத்துத் தயாரானது. பட்டினி கண்ட எரித்ரியப் பையனின் கையை அதன் பக்கத்தில் வைத்து எத்தனை தூரம் பொருத்த முடியும்?

நம் நாட்டு நீதிமன்றங்கள் இதைப் பழகியவை. எலும்புச் சோதனையில் இருபுறமும் இரண்டு ஆண்டு பிழை வரலாம் என்று 1982இலேயே இந்திய உச்ச நீதிமன்றம் குறித்தது. 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம் பள்ளிச் சான்றை முதலில் வைக்கிறது, பிறகு பிறப்புச் சான்று. இரண்டும் இல்லாதபோதுதான் எலும்பு. காகிதத்தைக் கடலில் தொலைத்தவனுக்கு அந்தக் கடைசி வழியும் கோணலாகவே இருக்கிறது.

முகம் பார்க்கும் மென்பொருளும் இதே சுவரில் முட்டுகிறது. அமெரிக்காவின் தேசியத் தரநிலை நிறுவனம் 2024இல் இத்தகைய மென்பொருள்களைச் சோதித்தது. சராசரிப் பிழை மூன்று ஆண்டு அளவில் இருந்தது. பாலினம், பிறந்த நாடு, படத்தின் தரம் ஆகியவற்றுக்கு ஏற்ப அது கூடிக் குறைந்தது. மதுக்கடை வாசலில் நாற்பது வயதுக்காரரை உள்ளே விட இது தாராளமாகப் போதும். பதினேழா பத்தொன்பதா என்பதுதான் கேள்வி என்றால் போதாது; டோவரில் தகராறு அந்த இடைவெளியில்தான்.

ஐரோப்பா பட்டுத் தெரிந்துகொண்டது. காம்பியாவிலிருந்து வந்த பையன் ஒருவனை மணிக்கட்டு எக்ஸ்ரேயை நம்பிப் பெரியவர்கள் முகாமில் வைத்ததற்காக, 2022 ஜூலையில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் இத்தாலிக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் நிறைவேற்றிய தஞ்ச விதிகள், முதலில் பலதுறையினர் சேர்ந்து மதிப்பிட வேண்டும், மருத்துவச் சோதனை கடைசி வழி, சந்தேகம் தீராவிட்டால் சிறுவர் என்றே கொள்ள வேண்டும் என்கின்றன.

பிரிட்டன் செய்ய வேண்டியதும் ஏறக்குறைய இதுவே என்பது என் கருத்து. தகராறு உள்ள இளைஞர்களைச் சிறு பிள்ளைகளோடும் வைக்காமல், பெரியவர்களின் ஓட்டலுக்கும் தள்ளாமல், முதல் சில வாரங்களுக்குக் கண்காணிப்புள்ள தனி இடத்தில் வைக்கலாம். சமூகப் பணியாளர்களை அங்கேயே அமர்த்தலாம். ஐரோப்பிய ஒன்றியத்தைவிட்டு வெளியேறி, 2020 முடிவில் ஐரோப்பிய விரல்ரேகைப் பதிவேட்டை இழந்ததால், வந்தவர் வழியில் வேறெங்காவது பதிவாகியிருக்கிறாரா என்று பார்க்க முடியாமல் போனதையும் சரிசெய்ய வேண்டும். அந்தப் பதிவையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. கூட்டாளிகளிடமிருந்து பிரித்துவிடுவார்களோ என்று பயந்து இத்தாலியில் "பத்தொன்பது" என்று சொன்ன பிள்ளைகளும் உண்டு. இதற்கெல்லாம் செலவாகும். 2021 ஜூலை முதல் ஒன்றரை ஆண்டில் தனியாக வந்த 4,600 பிள்ளைகளை ஓட்டல்களில் வைத்து, 440 முறை பிள்ளைகள் காணாமல் போய், சுமார் 200 பேர் திரும்பவே இல்லை என்று 2023 ஜனவரியில் அமைச்சரே நாடாளுமன்றத்தில் ஒப்புக்கொண்ட நாடு அது. மலிவான வழியின் விலை அவர்களுக்குத் தெரியாததல்ல.

பிறந்த ஆண்டு மட்டும் தெரிந்து தேதி தெரியாதவர்களுக்கு அங்கே ஜனவரி 1 என்று எழுதிவிடுகிறார்கள். ஆப்கன், சூடான், எரித்ரியப் பிள்ளைகள் சேர்ந்து தங்கியிருக்கும் வீட்டில் புத்தாண்டன்று கேக் வெட்டினால், மேசையைச் சுற்றி நிற்கும் பலருக்கும் அன்றுதான் பிறந்தநாள்.