ஏழை விடுதி இடாப்பில் ஒரு பெயர்

இங்கிலாந்து தேசத்துச் சுவடிக்கூடங்களிலே பழைய ஏழை விடுதிகளின் இடாப்புகள் அடுக்கடுக்காக வைக்கப்பட்டிருக்கின்றன. அவற்றில் ஒன்றை விரித்துப் பார்த்தால், பெயர், தொழில், சமயம், பிறந்த ஆண்டு என்னும் நிரல்களுக்கு நடுவே விசித்திரமான நிரல் ஒன்றையும் நாம் காணலாம். விடுதிக்குள் வந்தபின் அந்த மனிதர் உண்ணும் முதல் உணவு எந்த வேளைக்குரியது என்பதே அந்த நிரல். காலையோ, மதியமோ, இரவோ என்று ஓரெழுத்தில் குறித்திருப்பார்கள்.

இன்னாருக்கு இத்தனை வேளை உணவு கொடுத்தோம் என்று கணக்கு ஒப்புவிக்க வேண்டிய லிகிதருக்காக ஏற்பட்ட நிரல் அது. இரக்கத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆயினும், நூற்றைம்பது ஆண்டுகள் கழிந்து தம் பூட்டனைத் தேடி வரும் ஒருவருக்கு அந்த ஓரெழுத்தே நெஞ்சைத் தொட்டுவிடுகிறது. பசியோடு வாசலில் வந்து நின்ற பூட்டன், அன்று இராப்போசனத்துக்கு உள்ளே இருந்தான் என்பது உறுதியாகிவிடுகிறதல்லவா!

நிலபுலம் உடையவனை உறுதிகளும் மரணசாசனங்களும் காட்டித்தரும். ஒன்றுமில்லாத ஏழையை எது காட்டித்தரும் என்று நாம் நினைப்போம். உண்மை அதற்கு மாறானது. விக்டோரியா மகாராணியார் காலத்து இங்கிலாந்திலே, யாரிடமும் கை நீட்டாமல் உழைத்துப் பிழைத்த தொழிலாளியைப் பற்றி எழுதப்பட்டது மிகக் குறைவு. ஞானஸ்நானம், விவாகம், மரணம், பத்தாண்டுக்கொரு முறை குடிசன மதிப்பு, அவ்வளவே. ஊராரின் வரிப்பணத்தில் உண்டவனைப் பற்றியோ கட்டுக்கட்டாக எழுதி வைத்தார்கள்.

இதற்கு அடிப்படை 1834ஆம் ஆண்டின் ஏழைகள் சட்டம். கோயிற்பற்றுகள் பலவற்றை ஒன்றாக இணைத்து, ஒவ்வோர் இணைப்புக்கும் பாதுகாவலர் சபை ஒன்றை ஏற்படுத்தி, ‘வேர்க்ஹவுஸ்’ எனப்பட்ட ஏழை விடுதியை அதன் பொறுப்பில் விட்டது அச்சட்டம். உடல் வலிமையுள்ளவன் உதவி கேட்டால் விடுதிக்குள் வரவேண்டும். வந்தால் கணவன் ஒருபுறம், மனைவி ஒருபுறம், பிள்ளைகள் வேறொருபுறம். சொந்த உடையைக் களைந்துவிட்டு விடுதி உடையை அணியவேண்டும். வேறு கதி அற்றவனே வரட்டும் என்பதற்காக வேண்டுமென்றே கடுமையாக அமைத்த ஏற்பாடு அது. எனினும், நடைமுறையில் உதவி பெற்றவர்களில் பெரும்பாலோர் தம் வீட்டிலிருந்தவாறே ரொட்டியோ சில்லறைப் பணமோ பெற்றவர்கள். ஆதலால் விடுதி இடாப்பில் பெயர் இல்லை என்பதைக் கொண்டு முன்னோர் வறுமையறியாதவர் என்று மகிழ்ந்துவிடுதல் ஆகாது.

தேடுவோருக்கு முதலில் கை கொடுப்பது சேர்வு விலகல் இடாப்பு. ஆனால் அது நாள்வரிசைப்படி எழுதப்பட்டது. வந்த திகதி தெரியாவிட்டால் பக்கம் பக்கமாகப் புரட்டவேண்டும். 1860ஆம் ஆண்டுகளின் இறுதியில் ஆரம்பித்த சமய இடாப்பு இதனினும் உதவியானது. கத்தோலிக்கப் பிள்ளையைப் புரொட்டஸ்தாந்து முறையில் வளர்த்துவிட்டார்கள் என்று எழுந்த வழக்குகளைத் தீர்ப்பதற்காகவே அதனை ஏற்படுத்தினார்கள். மதச் சண்டையால் விளைந்த ஏடு, இன்று சந்ததியாருக்குப் பயன்படுகிறது. எங்கிருந்து வந்தார், நெருங்கிய உறவினர் யார் என்பன பல வேளைகளில் அதிலேதான் கிடைக்கும். ஸ்கொத்லாந்தின் கிளாஸ்கோ நகரத்திலோ உதவி கேட்டு வந்தவரின் பெற்றோர் பெயர், தாயின் கன்னிப் பெயர், பிறந்த ஊர், பிள்ளைகளின் வயது யாவற்றையும் விசாரணை அதிகாரி எழுதி வைத்திருக்கிறார். அங்கே பூட்டனைக் கண்டவர் அவனுடைய பூட்டனையும் கண்டுவிடுதல் கூடும்.

பெயரின் எழுத்தை மட்டும் நம்பக்கூடாது. எழுதப் படிக்க அறியாதவர் சொன்னதை லிகிதர் காதில் விழுந்தபடி எழுதினார். வயதும் அப்படியே. குடிசன மதிப்பிலே சில விடுதிகளில் இருந்தோரின் முழுப் பெயரும் இல்லை. முதலெழுத்துகள் மாத்திரமே உண்டு.

இனி, வைத்தியசாலை. ஏழை விடுதி நோயாளர் பகுதியிலே முன்னோர் ஒருவர் இறந்தார் என்று கண்டதும் வெட்கப்படுவோர் உளர். வெட்கத்துக்கு இடமில்லை. அக்காலத்துத் தர்ம வைத்தியசாலைகளிலே இடம் பெறுவதற்கு நன்கொடையாளர் ஒருவரின் சிபாரிசுக் கடிதம் பெரும்பாலும் வேண்டியிருந்தது. தொற்றுநோயாளரையும், குணமாகாது எனக் கருதப்பட்ட நோயாளரையும் அவை பொதுவாக ஏற்பதில்லை. ஆகவே, வாழ்நாள் முழுதும் உழைத்த கொத்தனும் சலவைக்காரியும் முதுமையிலும் நோயிலும் போய்ச் சேர்ந்த இடம் அதுவே.

அங்கே நிலைமை எவ்வாறிருந்தது? 1856ஆம் ஆண்டில் இலண்டன் ஸ்திராண்டு விடுதியின் வைத்தியராகச் சேர்ந்த ஜோசப் ரோஜர்ஸ் என்பவர் எழுதி வைத்திருக்கிறார். அவருக்கு ஆண்டுச் சம்பளம் 50 பவுண். நோயாளருக்கு வேண்டிய மருந்தையும் அவரே அதிலிருந்து வாங்கவேண்டும்! தாதிமாராக நியமிக்கப்பட்டவர்கள் பயிற்சியற்ற, வயது முதிர்ந்த விடுதிப் பெண்கள். நோயாளர் படுத்திருந்த அறையின் கீழே, விடுதிக்கு வருமானம் வேண்டிக் கம்பளங்களை அடித்துத் தூசி பறக்கவிட்டனர். ரோஜர்ஸ் முதலானோர் செய்த கிளர்ச்சியின் பயனாக 1867இல் இலண்டனுக்குத் தனிச் சட்டம் பிறந்தது. நோயாளருக்கெனத் தனி வைத்தியசாலைகள் எழுந்தன. அதற்கு அடுத்த ஆண்டே அவரைப் பாதுகாவலர் சபை விலக்கிவிட்டது. நன்மை செய்வாருக்குக் கிடைக்கும் பரிசு எங்கும் ஒன்றுதான் போலும். லிவர்ப்பூல் விடுதியிலே 1865இல் பயிற்சி பெற்ற தாதிமாருடன் பணி தொடங்கிய ஆக்னஸ் ஜோன்ஸ் அம்மையாரோ, மூன்றே ஆண்டுகளில் டைபஸ் காய்ச்சலால் அங்கேயே உயிர் நீத்தார்.

இறந்தவரின் அடக்கக் குறிப்பைத் தேடுவோர் மற்றொன்றும் அறிந்திருத்தல் வேண்டும். 1832ஆம் ஆண்டின் சட்டப்படி, உரிமை கோரி எவரும் வராத உடலை வைத்திய மாணவரின் அறுவைப் பயிற்சிக்குக் கொடுக்கலாம். மரணப் பதிவு இருந்தும் அவ்வூர்ச் சவச்சாலையிலே பெயர் காணப்படாததற்கு இதுவும் ஒரு காரணமாகலாம். விடுதி என்ற சொல்லைக் கேட்டாலே முதியோர் நடுங்கியதில் வியப்பென்ன?

பிறப்புப் பதிவிலும் ஒரு சூட்சுமம் உண்டு. விடுதியிலே பிறந்த பிள்ளைக்கு அந்தப் பெயர் ஆயுள்வரை வடுவாகக் கூடாதென்று, 1904 முதல் விடுதியின் பெயரை விட்டு வெறும் தெரு இலக்கத்தை மட்டும் எழுதினார்கள். லிவர்ப்பூலிலே ‘144ஏ, பிரௌன்லோ ஹில்’ என்று பத்திரத்தில் கண்டு, அங்கே முன்னோரின் வீடு இருந்ததென்று தேடிப்போனால் ஏமாற்றமே. அது விடுதியின் விலாசம். இப்பொழுது அந்த நிலத்தில் நிற்பது கத்தோலிக்கப் பேராலயம்.

இவ்வேடுகள் எவ்வளவு பேசும் என்பதற்கு, உலகம் அறிந்த ஒருவரின் கதையையே கூறுவோம். சார்லி சாப்ளின் 1889இல் பிறந்தவர். அவருடைய பிறப்புப் பதிவு இன்றுவரை கண்டெடுக்கப்படவில்லை. உலகத்தையே சிரிக்கவைத்தவருக்குப் பிறப்புப் பத்திரம் இல்லை. ஏழை விடுதி இடாப்பிலோ பெயர் இருக்கிறது! 1896ஆம் ஆண்டில், ஏழு வயதிலே, தாய் ஹன்னாவுடனும் அண்ணன் சிட்னியுடனும் தென் இலண்டன் விடுதிக்குள் அவர் சென்றார். சில வாரங்களில் சகோதரர் இருவரையும் ஹன்வெல் என்னும் ஊரிலிருந்த ஏழைப் பிள்ளைகள் பாடசாலைக்கு அனுப்பினார்கள். 1898 ஜனவரி வரை சார்லி அங்கே இருந்தார்.

அதே ஆண்டு ஜூலை மாதத்தில் மூவரும் மறுபடியும் விடுதிக்குள். இம்முறை பிள்ளைகள் நோர்வூட் பாடசாலைக்குப் போயினர். ஓகஸ்டு மாதத்தில் ஒரு நாள், தாம் விடுதியை விட்டுப் போவதாக ஹன்னா அறிவித்தாள். பெற்றோர் வெளியேறினால் பிள்ளைகளையும் உடன் அழைத்துச் செல்லவேண்டும் என்பது விதி. ஆகவே பிள்ளைகளைக் கொண்டுவந்து ஒப்படைத்தார்கள். மூவரும் தம் கசங்கிய சொந்த உடைகளை அணிந்து வெளியே வந்தனர்.

அன்று நடந்ததைச் சாப்ளின் 1964இல் வெளியான தம் சுயசரிதையில் விவரித்திருக்கிறார். சிட்னியிடம் ஒன்பது பென்ஸ் இருந்தது. அதில் அரை இறாத்தல் கறுப்புச் செரிப்பழம் வாங்கினார்கள். கென்னிங்டன் பூங்காவில் அமர்ந்து தின்றார்கள். பத்திரிகைத் தாளைச் சுருட்டி நூல் சுற்றிப் பந்தாக்கி மூவரும் விளையாடினார்கள். நண்பகலில் கடையொன்றில் பணிசும் மீனும் தேநீரும் வாங்கி எஞ்சிய காசைச் செலவழித்தார்கள். பிறகு, மாலைத் தேநீருக்கு விடுதியில் இருந்தால் சரி என்று தாய் கூறத் திரும்பி நடந்தார்கள். அதிகாரிகளுக்கு வந்த கோபம் கொஞ்சமன்று. உடைகளையெல்லாம் மறுபடியும் ஆவியில் இடவேண்டுமே! தன் பிள்ளைகளுடன் ஒரு பகல் கழிப்பதற்காக ஒரு தாய் சட்டத்தையே கருவியாக்கிய விதம் இது. விடுதி ஏட்டில் இதற்கு வாசகம் இல்லை. ஒரே நாளில் விலகியதும் சேர்ந்ததும் மாத்திரமே குறிக்கப்பட்டன. செரிப்பழத்தை லிகிதர் எப்படி அறிவார்?

அடுத்த மாதமே ஹன்னாவின் மனநிலை குலைந்தது. லம்பெத் வைத்தியசாலையிலிருந்து கேன் ஹில் மனநோய் மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். சில வாரங்களில் திரும்பி வந்தாள். 1903 மே மாதத்தில் நோய் மறுபடியும் கண்டது. சிட்னி கப்பலில் வேலையாயிருந்தான். பதினான்கு வயதுச் சார்லி தனியனாகத் தாயைக் கைப்பிடித்து வைத்தியசாலைக்கு நடத்திச் சென்றான்.

அன்று வைத்தியர் எழுதிய குறிப்பு அழியாமல் இருக்கிறது. சாட்சி கூறியவர் என்னும் இடத்தில் மகன் சார்ல்ஸ் சாப்ளினின் பெயர். இறந்துபோனவர்களைப் பற்றி அம்மா ஓயாமல் பேசுகிறாள்; அவர்கள் சாளரத்தின் வழியே பார்ப்பதாகச் சொல்கிறாள் என்று அந்தச் சிறுவன் கூறியதை வைத்தியர் அப்படியே பதிந்திருக்கிறார்.

1921இல் மகன் தாயைக் கலிபோர்னியாவுக்கு வரவழைத்தார். கடலோர வீடொன்றில் வைத்துப் பராமரித்தார். 1928இல் அவள் காலமானாள். அவர்கள் அன்று நுழைந்த லம்பெத் விடுதியின் கட்டடப் பகுதியொன்று இன்றும் நிற்கிறது. அதில் இப்பொழுது சினிமாக் காட்சிச்சாலை ஒன்று நடைபெற்று வருகிறது.