வானம் தரும் தாமதம்: 'ககன்' திருத்துவது எப்படி?

திருவனந்தபுரம்: 1963 நவம்பர் 21-ல் தும்பாவிலிருந்து முதல் ஆய்வு ராக்கெட் ஏவப்பட்டது. காந்த நிலநடுக்கோடு அருகே செல்வதாலேயே அக்கடற்கரை கிராமம் தேர்வு செய்யப்பட்டது. அக்கோட்டின் மேலுள்ள வானம் விஞ்ஞானிகளுக்குப் பெரும் செல்வம். செயற்கைக்கோள் மூலம் இருப்பிடம் அறிய முயல்வோருக்கோ தீராத தொல்லை.

சுமார் 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றும் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள், தமது இருப்பிடத்தையும் அணுக் கடிகாரம் காட்டும் நேரத்தையும் இடைவிடாது அனுப்புகின்றன. சமிக்ஞை வந்துசேர எடுத்த நேரத்தை ஒளியின் வேகத்தால் பெருக்கினால் தூரம் கிடைக்கும். மூன்று தூரங்கள் தெரிந்தால் இடத்தைக் கணித்துவிடலாம். எனினும் நான்காவது செயற்கைக்கோளும் தேவை. நம் கையிலுள்ள கருவியின் கடிகாரம் சாதாரணமானது. நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினாலும் தூரம் 300 மீட்டர் தவறும். அப்பிசகைக் கண்டறியவே நான்காவது.

இவ்வளவு செய்தும் வானம் குறுக்கிடுகிறது. சூரிய ஒளியால் அணுக்களிலிருந்து பிரிந்த எலெக்ட்ரான்கள் நிறைந்த அயனி மண்டலம், சமிக்ஞையைத் தாமதப்படுத்துகிறது. காந்த நிலநடுக்கோட்டின் மேல் பகலில் உயரே எழும் எலெக்ட்ரான்கள் வடக்கிலும் தெற்கிலும் சரிந்து குவிவதால், தாமதம் ஊருக்கு ஊர், மணிக்கு மணி மாறுகிறது. சூரியன் மறைந்தபின் சில இரவுகளில் சமிக்ஞையே தடுமாறும். தரையிறங்கும் விமானத்துக்கு இது விளையாட்டல்ல.

இதற்காகவே இஸ்ரோவும் இந்திய விமான நிலைய ஆணையமும் 'ககன்' திட்டத்தை உருவாக்கின. திருவனந்தபுரம் உள்பட 15 இடங்களில் உள்ள நிலையங்களின் இருப்பிடம் துல்லியமாக அளக்கப்பட்டுள்ளது. ஜி.பி.எஸ். காட்டும் இடம் அதிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்பது பெங்களூரில் கணக்கிடப்பட்டு, திருத்தம் ஜிசாட் செயற்கைக்கோள்கள் வழியே விமானங்களுக்கு அனுப்பப்படுகிறது. அமெரிக்க வானத்துக்குப் பொருந்திய கணக்கு இங்கு பொருந்தாது என்பதால், அயனி மண்டலத்துக்கான கணித முறையை இஸ்ரோவே வகுத்தது. விமானம் தரையிறங்க அணுகும்போது உயர வழிகாட்டுதலுக்கும் இதைப் பயன்படுத்த 2015 ஏப்ரலில் சான்று கிடைத்தது. 2022 ஏப்ரலில் ராஜஸ்தானின் கிஷன்கரில் இண்டிகோ விமானம் ககன் உதவியுடன் தரையிறங்கியது.

திருவனந்தபுரம் மீனவர்களுக்கு இதில் வேறொரு பயன் உண்டு. 2017 ஒக்கி புயலின்போது, கைப்பேசி கோபுரங்களின் எல்லையைக் கடந்து ஆழ்கடலில் இருந்தோருக்கு எச்சரிக்கை எட்டவில்லை. கேரளம், குமரி மாவட்ட மீனவர்கள் பலர் மடிந்தனர். 2019 அக்டோபரில் அறிமுகமான 'ஜெமினி' கருவி, ககன் செயற்கைக்கோள் வழியே புயல் எச்சரிக்கையைப் படகில் உள்ள கைப்பேசிக்குக் கொண்டு சேர்க்கிறது. ஆனால், அது ஒருவழிப் பாதையாகவே வடிவமைக்கப்பட்டது: படகு தத்தளிக்கிறது என்று அதன் மூலம் கரைக்குச் சொல்ல வழியில்லை.