நாவும் ஒரு தராசு

தண்ணீருக்கு அடுத்தபடியாக உலக மக்கள் மிகுதியாகப் பருகுவது தேநீரே என்பர். நம் இல்லங்களிலோ அது வெறும் பானமாக மட்டும் நின்றுவிடுவதில்லை. விருந்தினரை வரவேற்பதும், விடியுமுன் வேலைக்குப் புறப்படுவோரை வழியனுப்புவதும், துக்க வீட்டுக்கு வந்தோரைச் சற்று அமரச் செய்வதும் தேநீர்க் கோப்பையே. ஆயினும், நாள்தோறும் நாலைந்து முறை பருகும் இப்பொருள் உயர்ந்ததா, நடுத்தரமானதா, தாழ்ந்ததா என்று பகுத்துக் கூறும் ஆற்றல் நம்மில் எத்தனை பேருக்கு உண்டு? தேயிலை விளையும் மண்ணிலேயே வாழும் நமக்கு இக்கேள்வி சற்றுக் கூர்மையாகவே தைக்கின்றது.

இரத்தினபுரி வழியாக வரும் கொழும்புப் பெருவீதி பெல்மதுளையில் இரண்டாகப் பிரிந்து, ஒரு கிளை பலாங்கொடையை நோக்கியும், மற்றொன்று எம்பிலிப்பிட்டியாவை நோக்கியும் செல்கின்றது. இவ்வீதிகளில் கொழுந்து மூட்டைகளை ஏற்றிய லொறிகள் தொழிற்சாலைகளை நோக்கி விரைவதை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். ஏறத்தாழ நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து ஒரு கிலோ தேயிலையாகிக் கொழும்பு ஏலத்துக்குப் போகின்றது. அங்கே அதன் விதியை முடிவு செய்வது இயந்திரமன்று, இரசாயனப் பரிசோதனையுமன்று. பழகிய ஒரு மனிதரின் நாக்கே அதைச் செய்கின்றது.

ஒரு மிடறும் ஒரு தீர்ப்பும்

ஜேம்ஸ் டெயிலர் என்னும் ஸ்கொத்லாந்தியர் லூல்கந்துரத் தோட்டத்தில் 1867ஆம் ஆண்டில் தேயிலையைப் பயிரிட்டார். இரண்டாண்டுகளில் கோப்பிச் செடியை ஒரு பூஞ்சண நோய் பற்றிக்கொள்ள, நாட்டின் பிழைப்பே தேயிலையின் பக்கம் திரும்பிற்று. 1883ஆம் ஆண்டு ஜூலை 30ஆந் தேதி கொழும்பில் சொமர்வில் நிறுவனத்தின் அலுவலகத்தில் முதலாவது தேயிலை ஏலம் நடைபெற்றது. அன்று தொடங்கிய ஏலம், கொள்ளைநோய்க் காலமாகிய 2020 ஏப்ரலில் இணைய வழிக்கு மாறியது. கூவி விலை கேட்ட குரல்கள் ஓய்ந்தன; ஆனால் சுவை பார்க்கும் நாக்குக்கு மட்டும் ஓய்வு கிடைக்கவில்லை.

தரகு நிறுவனங்களின் சுவைக்கூடத்தில் நீண்ட மேசைகளின் மேல் வெண்பீங்கான் குவளைகளும் கிண்ணங்களும் வரிசையாக இருக்கும். ஒவ்வொரு மாதிரிக்கும் ஒரே எடைத் தேயிலை, ஒரே அளவு கொதிநீர், ஒரே கால அளவு. 100 மில்லிலீற்றர் நீருக்கு 2 கிராம் தேயிலை, ஊறுவதற்கு 6 நிமிடம் என்பது 1980ஆம் ஆண்டில் வெளியான சர்வதேச நியமம். இதற்கு மூலமாகிய பிரித்தானிய நியமம் ஆறு பக்கம் நீண்டது. ஒரு கோப்பைத் தேநீர் போட ஆறு பக்கமா என்று நகைத்து, 1999இல் அதற்கு 'இக் நோபல்' என்னும் வேடிக்கைப் பரிசையும் வழங்கினர். நகைத்தவர்கள் நகைக்கட்டும். ஆயிரம் மூட்டைகளின் விலை ஒரு கரண்டிச் சாயத்தில் தங்கியிருக்கும்போது, ஒரு சிட்டிகை கூடினாலும் குறைந்தாலும் அநீதியாகும் அன்றோ?

சுவைஞர் முதலில் உலர்ந்த இலையைப் பார்க்கிறார். அடுத்து ஊறிய இலையை முகர்கிறார். அதன் பின்னரே சாயத்தைக் கரண்டியில் மொண்டு, பேரொலியுடன் உறிஞ்சுகிறார். நம் பிள்ளைகள் இப்படிச் செய்தால் கண்டிப்போம். அங்கே அது தொழில் நுட்பம். காற்றோடு கலந்து உறிஞ்சப்படும் சாயம் நாவெங்கும் தூவப்படுகின்றது. மணம் தொண்டை வழியே மூக்கின் பின்புறம் ஏறுகின்றது. மறுகணம் உமிழ்ந்துவிட்டு அடுத்த கிண்ணத்துக்கு நகர்கிறார். இவ்வாறு ஒரு நாளில் நூற்றுக்கணக்கான கிண்ணங்கள்.

அந்த ஒரு மிடற்றில் அவருக்குத் தெரிவது கொஞ்சமன்று. ஊறிய இலை புதிய செப்புக்காசைப் போல ஒளிர்ந்தால் பக்குவம் சரி. பச்சை மிகுந்தால் நொதிக்க விட்ட நேரம் போதாது. மங்கிக் கறுத்தால் அது மிஞ்சிவிட்டது. புகை நாறினால் உலர்த்தும் இயந்திரத்தில் கசிவு உண்டு. சாயம் உயிரற்றுச் சப்பென்றிருந்தால் தேயிலையில் ஈரம் ஏறியிருக்கின்றது. விஞ்ஞானிகளோ, தேநீரின் ஒளிக்கும் சுறுசுறுப்புக்கும் தியாஃபிளேவின் என்னும் பொருளும், நிறத்துக்கும் திடத்துக்கும் தியாரூபிஜின் என்னும் பொருளும் காரணம் என்பர். சுவைஞரின் குறிப்பு தொழிற்சாலைக்குத் திரும்பிச் சென்று, எந்த இடத்தில் கை தவறியது என்பதை எடுத்துரைக்கின்றது.

பியருக்குப் புள்ளி, தேயிலைக்கு விலை

பானங்களைச் சுவைத்துத் தரம் பிரிப்பது தேயிலைக்கு மட்டும் உரிய கலையன்று. அமெரிக்காவில் சிறு வடிசாலைகள் கைப்பக்குவத்தில் தயாரிக்கும் பியரைச் சுவைத்து மதிப்பிடுவதற்கென்றே பெருங்கூட்டம் உண்டு. 1982ஆம் ஆண்டில் கொலராடோ மாநிலத்துப் போல்டர் நகரில் அதற்கொரு பெருவிழா தொடங்கிற்று. 1985இல் நடுவர்களுக்குப் பரீட்சை வைத்துச் சான்றிதழ் அளிக்கும் முறையும் தோன்றிற்று. அங்கே மொத்தம் 50 புள்ளிகள். மணத்துக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயில் உணரப்படும் தன்மைக்கு 5, முழுமையான நிறைவுக்கு 10. மதுவினால் நம் லயங்களில் சீரழிந்த குடும்பங்களை அறிந்த நாம், அப்பானத்துக்காகப் பரிந்து பேச வரவில்லை. மதிப்பிடும் ஒழுங்கையே இங்குக் கவனிக்கிறோம்.

இரண்டுக்கும் ஒரு சொல் பொதுவாக வழங்குகின்றது. நொதித்தல் என்பதே அது. பியரை நொதிக்கச் செய்வது ஈஸ்ட் எனப்படும் மதுவம். தேயிலையிலோ மதுவமும் இல்லை, மதுவும் இல்லை. உருட்டப்பட்ட இலையின் சாறு காற்றிலுள்ள ஒட்சிசனோடு கூடி, இலையிலேயே உள்ள நொதியத்தால் நிறம் மாறுவதைத்தான் தொழிற்சாலைகளில் பழக்கத்தால் அப்பெயரிட்டு அழைக்கின்றனர்.

மற்றொரு வேறுபாடு இதனினும் பெரிது. பியர் நடுவர் புள்ளி இடுகிறார். வென்றவர் பதக்கம் பெறுகிறார். தேயிலைச் சுவைஞர் இடுவது ரூபாக் கணக்கு. அவர் மதிப்பிட்ட விலை ஏலத்தில் ஏறியோ இறங்கியோ முடிகின்றது; அந்த விற்பனைச் சராசரியிலிருந்தே கொழுந்து வழங்கிய சிறு தோட்டக்காரருக்குரிய தொகையும் கணிக்கப்படுகின்றது. வழங்கியவருக்கு 68, தொழிற்சாலைக்கு 32 என்ற விகிதம் இக்கணிப்புக்கு அடிப்படையாக அமைந்தது. நாட்டின் தேயிலையில் பெரும்பகுதியைத் தருவோர் இச்சிறு தோட்டக்காரரே. ஆகவே கொழும்பில் ஒரு நாக்கு முகம் சுளித்தால், பெல்மதுளையில் ஓர் அடுப்பு சோர்கின்றது எனலாம்.

தாழ்நிலத்தின் பெருமை

பியர் நடுவர்கள் ஒரு நல்ல விதியைக் கைக்கொள்கின்றனர். கரும்பியரைக் கரும்பியரோடும், வெண்பியரை வெண்பியரோடும் மட்டுமே ஒப்பிடுவர். தேயிலைக்கும் இவ்விதி பொருந்தும். நுவரெலியாத் தேநீரின் மென்மையான நறுமணத்தை நம் சப்பிரகமுவைத் தேயிலையில் தேடுவது முறையன்று. 600 மீற்றருக்குக் கீழே விளைவது தாழ்நிலத் தேயிலை. வெப்பமும் மழையும் மிகுந்த இம்மண்ணில் இலை விரைந்து தழைக்கின்றது. சாயம் ஆழ்ந்த செந்நிறமும், நல்ல திடமும், பாகு போன்ற இனிய மணமும் பெறுகின்றது. நாட்டின் விளைச்சலில் ஏறத்தாழ 60 வீதம் தாழ்நிலத்தினுடையது. ஈராக், துருக்கி, ரஷ்யா முதலிய நாடுகளில் இதற்கென்றே ஆவலோடு காத்திருப்போர் பலர்.

அந்நாட்டவர் சாயத்தோடு இலையின் அழகையும் நோக்குவர். கரிய நிறமும், நீண்ட முறுக்கும், இடையிடையே பொன்னிற நுனிமொட்டும் அவர்கள் விரும்புவன. 'ஒரேஞ்ச் பீக்கோ' போன்ற பெயர்கள் இவ்வடிவையும் அளவையுமே குறிக்கின்றன. பெயரில் ஒரேஞ்ச் இருப்பதால் தோடம்பழச் சுவை வந்துவிடாது; பெரிய இலை என்பதாலேயே உயர்ந்த சுவையும் வந்துவிடாது.

கண்ணுக்கு விலை உண்டென்றால் கண்ணை மயக்கும் வித்தையும் பிறக்கும். இலை கறுத்து மினுங்க வேண்டும் என்பதற்காக உற்பத்தியின்போது சீனி கலக்கும் தீய வழக்கம் தாழ்நிலத் தொழிற்சாலைகள் சிலவற்றில் தலைகாட்டியது. தேயிலைச் சபை அத்தகைய சரக்கைக் கைப்பற்றி நடவடிக்கையும் எடுத்தது. தோற்றத்தை மட்டும் புகழ்ந்தால் தோற்றத்தை மட்டுமே வளர்ப்பர். இது தேயிலைக்கு மட்டுமன்று, கல்விக்கும் பொருந்தும் என்பதைப் பரீட்சைத் தாள்களோடு வாழும் நாம் சொல்லாமல் விட இயலவில்லை.

வீட்டில் ஒரு சோதனை

இல்லத்தரசியர் இக்கலையைச் சிறிய அளவில் பழகலாம். இரண்டு அல்லது மூன்று கடைகளின் தேயிலையைத் தேக்கரண்டி அளவில் சமமாக எடுத்து, வெள்ளைக் கோப்பைகளில் இட்டு, கொதிநீரைச் சம அளவில் ஊற்றி, மூடி, 6 நிமிடம் வைக்கவும். வடித்த பின் சீனியும் பாலும் சேர்க்காமல், இளஞ்சூட்டில் ஒவ்வொன்றாக உறிஞ்சிப் பார்க்கவும். ஊறிய இலையின் நிறத்தையும் மணத்தையும் ஒப்பிடவும். எக்கோப்பை யாருடையது என்பதை ஒருவர் மறைத்து வைத்திருந்தால் தீர்ப்பு இன்னும் நேர்மையாக அமையும். பெரிய பெயரும் அழகிய பெட்டியும் நாவை எவ்வளவு ஏமாற்றி வந்தன என்பது அப்போது விளங்கும்.

குளிர்ந்த நீரில் ஒரு சிட்டிகை தூளைத் தூவினால், நல்ல தேயிலை மெல்லவே நிறம் விடும். தூவிய உடனே நிறம் ஓடினால் சாயம் ஏற்றியது என்று ஐயுறலாம். தேயிலையைக் காற்றுப் புகாத பாத்திரத்தில், மிளகாய்த்தூள், மசாலை முதலியவற்றுக்கு அப்பால் வைக்க வேண்டும். அயல் மணத்தை அது எளிதில் ஈர்த்துக்கொள்ளும்.

இரு தராசுகள்

இனி, இக்கலையின் தொடக்கம் எங்கே என்று கேட்போம். கொழும்புச் சுவைக்கூடத்தில் அன்று; மலையில் நிரை பிடித்து நிற்கும் பெண்ணின் விரல் நுனியில். இரண்டு இலையும் ஓர் அரும்பும் கொண்ட இளங்கொழுந்தை எடுப்பதா, முற்றிய இலையையும் சேர்த்து இழுப்பதா என்பதை ஒரு நொடியில் முடிவு செய்கின்றவள் அவளே. வாட்டுதலும் உருட்டுதலும் உலர்த்துதலும் அவள் கொடுத்ததைக் கெடுக்காமல் காக்கலாம். அவள் கொடுக்காத சுவையை எந்த இயந்திரமும் உண்டாக்க முடியாது.

அவளை அளப்பது எது? நிறுவைத் தராசு. குறித்த கிலோவை அவள் நிரப்ப வேண்டும். அதே இலையைக் கொழும்பில் அளப்பது நாவென்னும் தராசு. ஒரு தராசு கனத்தைக் கேட்கின்றது. மற்றது மென்மையைக் கேட்கின்றது. இவ்விரண்டு கட்டளைகளும் ஒரே கையின் மேல் சுமத்தப்பட்டுள்ளன. கொழுந்தின் மென்மையால் தேயிலை ஏலத்தில் உச்ச விலை பெற்றாலும் அவள் நாட்சம்பளம் அதனால் உயர்வதில்லை. அது 2021இல் 1000 ரூபாவாகவும், 2024இல் 1350 ரூபாவாகவும் நிர்ணயிக்கப்பட்டது நெடுங்காலப் பேச்சுக்கும் போராட்டத்துக்கும் பிறகே. தரத்துக்குக் கிடைத்த பரிசாக அன்று.

விற்பனை வருவாயில் தொழிலாளருக்கும் பங்கு என்னும் முறையைத் தோட்டக் கம்பனிகள் சில முன்வைத்துள்ளன. சம்பளப் பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் வழியாக அது அமையலாகாது. உறுதியான சம்பளத்தின் மேல், தரத்துக்குரிய பங்கும் வெளிப்படையான கணக்கோடு கூடைக்காரிக்கு வருமாயின், இரு தராசுகளும் முதன்முறையாக ஒன்றையொன்று நோக்கும்.

அக்கணக்கை வாசிக்கவும் வாதிக்கவும் நமக்குச் சுவையறிவு வேண்டும். தன் பொருளின் மதிப்பை அறியாதவன் பிறர் சொன்ன விலையையே வாங்கிக்கொள்வான். இரத்தினபுரி புனித ஜோக்கிம் தோட்டத்தில் தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் தாழ்நிலப் பிரிவு உள்ளது. பெலிஹுல்ஓயாவில் சப்பிரகமுவைப் பல்கலைக்கழகமும், பதுளையில் தேயிலைத் தொழில்நுட்பத்துக்கே பட்டம் தரும் ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகமும் உள்ளன. விஞ்ஞானம் கற்கும் நம் மாணவரும் மாணவியரும் இவ்வழியை எண்ணிப் பார்க்க வேண்டும். கொழுந்து பறித்த தாயின் மகள், சுவைக்கூடத்து மேசையின் முன் கரண்டியோடு நின்று, "இது நன்று" என்று எழுதும் நாள் வரட்டும். அந்தச் சொல்லின் பொருள் அவளுக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்குத் தெரியும்?