மூன்றாவது இடத்தில் கிளைசின்

நம் உடம்பிலுள்ள புரதத்தையெல்லாம் தனியே பிரித்து எடை போட்டால், ஏறக்குறைய கால் பங்கு ஒரே வகைப் புரதமாக இருக்கும். அதுதான் கொலாஜன். தோலும் எலும்பும் பல்லும் குருத்தெலும்பும் ரத்தக் குழாயின் சுவரும் அதைக் கொண்டு கட்டப்பட்டவை. தசையை எலும்போடு பிணைக்கும் தசைநாண் பெரும்பாலும் கொலாஜன்தான். ஆக்சிஜனைச் சுமப்பதோ உணவைச் செரிக்க வைப்பதோ இதன் வேலை இல்லை. இழுத்தால் அறாமல் நிற்பதுதான் இதன் வேலை.

உயிரியப் பெருமூலக்கூறுகள் என்றதும் பள்ளிப் பாடம் கார்போஹைட்ரேட், கொழுப்பு, புரதம், நியூக்ளிக் அமிலம் என்று அடுக்குகிறது. எந்தச் சிறு அலகுகள் சேர்ந்து எது உண்டாகிறது, அவற்றை இணைக்கும் பிணைப்பின் பெயர் என்ன என்று மாணவர்கள் மனப்பாடம் செய்கிறார்கள். அத்தோடு பாடம் முடிந்துவிடுவது எனக்கு வருத்தம் தருகிறது. ஹீமோகுளோபினும் கொலாஜனும் கிட்டத்தட்ட ஒரே அமினோ அமிலங்களால் ஆனவை. ஒன்று ஆக்சிஜனைப் பற்றி விடுவிக்கிறது, மற்றொன்று உடல் எடையைத் தாங்குகிறது. சங்கிலியில் அமினோ அமிலங்கள் வரும் வரிசையும், அந்தச் சங்கிலி முப்பரிமாண வெளியில் எப்படி வளைந்து மடங்க முடிகிறது என்பதும்தான் இந்த வேறுபாட்டை உண்டாக்குகின்றன. கொலாஜனைப் பொறுத்தவரை இந்த உண்மை முதலில் பிடிபட்டது சென்னை கிண்டியில்.

1952-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் துறைக்குத் தலைமையேற்க வந்தார் ஜி.என். ராமச்சந்திரன். அப்போது அவருக்கு முப்பது வயதுகூட நிறைந்திருக்கவில்லை. எர்ணாகுளத்தில் பிறந்து, திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் படித்து, பெங்களூரில் சர் சி.வி. ராமனிடம் ஆய்வு செய்து, கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் பெற்றவர். துணைவேந்தர் ஏ. லட்சுமணசுவாமி முதலியாரிடம் அவரைப் பரிந்துரைத்ததும் ராமன்தான். எக்ஸ் கதிர் ஆய்வகத்தை அமைத்தாயிற்று, எதை ஆராய்வது என்ற கேள்வி இருந்தது. சென்னைக்கு வந்திருந்த படிகவியல் அறிஞர் ஜே.டி. பெர்னால், கொலாஜனின் அமைப்பு இன்னும் யாருக்கும் பிடிபடவில்லை என்று பேச்சுவாக்கில் சொன்னார். வேறு புரதமாக இருந்தால் மாதிரிக்கு எங்கோ எழுதிப்போட்டுக் காத்திருக்க வேண்டியிருக்கும். கொலாஜனுக்கு அந்தக் கவலை இல்லை. பல்கலைக்கழக ஆய்வகத்துக்குப் பக்கத்திலேயே மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் இருந்தது. அங்கிருந்து கிடைத்தது கங்காரு வாலின் தசைநாண். இழைகள் ஒரே திசையில் ஒழுங்காக அமைந்திருந்ததால் எக்ஸ் கதிர்ப் படம் எடுக்க அது மிகவும் ஏற்றது.

இழையில் விழும் எக்ஸ் கதிர், நன்கு வளர்ந்த படிகம் தருவது போன்ற தெளிவான படத்தைத் தராது. மங்கலான சில புள்ளிகளும் வளைவுகளும் மட்டுமே கிடைக்கும். அவற்றோடு ஒத்துப்போகிற மாதிரியை ஆராய்ச்சியாளர்தான் கட்டிப் பார்க்க வேண்டும். புரதச் சங்கிலி மடங்கும் வடிவங்களில் ஒன்றான ஆல்ஃபா சுருளைக் கண்டறிந்த லைனஸ் பாலிங், ராபர்ட் கோரியோடு சேர்ந்து 1951-ல் கொலாஜனுக்கும் ஒரு மாதிரி தந்திருந்தார். அது பொருந்தவில்லை. ராமச்சந்திரனும் அவரோடு பணியாற்றிய கோபிநாத் கர்த்தாவும் பிடித்துக்கொண்டது ஒரு வேதியியல் குறிப்பை. எந்த விலங்கின் கொலாஜனை எடுத்தாலும் அமினோ அமிலங்களில் மூன்றில் ஒன்று கிளைசினாக இருந்தது. தற்செயலாக இப்படி அமையாது. மூன்றாவது இடம்தோறும் கிளைசின் இருந்தே தீர வேண்டிய கட்டாயம் ஏதோ இருக்க வேண்டும் என்று அவர்கள் யோசித்தார்கள்.

அந்தக் கட்டாயம் இடப் பற்றாக்குறை. 1954 ஆகஸ்டில் ‘நேச்சர்’ இதழில் வெளியான அவர்களது மாதிரியில் மூன்று சங்கிலிகள் பக்கம் பக்கமாக நின்றன. மூன்றும் நெருங்கும் நடுப்பகுதியில் எதற்கும் இடமில்லை. அமினோ அமிலங்களில் மிகச் சிறியது கிளைசின். மற்றவற்றில் பக்கக் கிளையாக ஓர் அணுத்தொகுதி நீட்டிக்கொண்டிருக்கும் இடத்தில், கிளைசினில் ஒரே ஒரு ஹைட்ரஜன் அணுதான் உண்டு. நடுவில் நுழையக்கூடியது அது மட்டுமே. அடுத்த ஆண்டு இந்த மாதிரியை அவர்கள் திருத்தினார்கள். ஒவ்வொரு சங்கிலியும் இடப்பக்கமாகச் சுருள்கிறது, மூன்றும் சேர்ந்து வலப்பக்கமாக ஒன்றையொன்று சுற்றிக்கொள்கின்றன. கயிறு திரிப்பவர் புரியை ஒரு பக்கமும், புரிகளைச் சேர்த்து முறுக்கும்போது எதிர்ப்பக்கமும் திருகுவார். இழுக்க இழுக்க ஒரு முறுக்கு மற்றதை இறுக்குமே தவிர, கயிறு பிரியாது. கொலாஜனின் வலு இந்த எதிர்முறுக்கில் இருக்கிறது.

அதே 1955-ல் கேம்பிரிட்ஜிலிருந்து பிரான்சிஸ் கிரிக்கும் அலெக்சாண்டர் ரிச்சும் ஒரு மாதிரியை வெளியிட்டார்கள். மூன்று சங்கிலி, எதிர்முறுக்கு என்ற அடிப்படையை அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். சங்கிலிகளை ஒன்றோடொன்று பிணைக்க மூன்று அமினோ அமிலங்களுக்கு இரண்டு ஹைட்ரஜன் பிணைப்புகள் என்று சென்னை மாதிரி சொன்னதைத்தான் மறுத்தார்கள். இரண்டு பிணைப்புகளை வைத்தால் சில அணுக்கள் நெருங்கக் கூடாத அளவு நெருங்கிவிடுகின்றன, ஒன்றுதான் சாத்தியம் என்பது அவர்கள் வாதம்.

இதற்கு ராமச்சந்திரன் பதில் தேடிய முறைதான் இந்தக் கதையில் எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரிதாகத் தெரிகிறது. என் மாதிரியே சரி என்று வாதிடுவதற்கு முன்பு, அணுக்கள் எவ்வளவுதான் நெருங்கலாம் என்ற அடிப்படைக் கேள்விக்கே அவர் போனார். அதுவரை வெளியான படிக அமைப்புகளில் அணுக்களுக்கு இடையே இருந்த தூரங்களை வி. சசிசேகரனுடன் சேர்ந்து திரட்டினார். வழக்கமாகக் காணப்படும் எல்லை ஒன்று, அரிதாகக் காணப்படும் கடைசி எல்லை ஒன்று என்று இரண்டு அளவுகள் வகுத்தார்கள். பிறகு சி. ராமகிருஷ்ணனும் சேர, கேள்வி கொலாஜனைத் தாண்டிப் புரதங்கள் அனைத்துக்கும் விரிந்தது.

புரதச் சங்கிலியில் அமினோ அமிலங்களை இணைக்கும் பெப்டைடு பிணைப்பு தட்டையானது, திருகாது. ஒவ்வொரு அமினோ அமிலத்தின் நடுக் கார்பனுக்கு இருபுறமும் உள்ள பிணைப்புகள் மட்டுமே திரும்பக்கூடியவை. அந்த இரண்டு கோணங்களுக்கு ஃபை, சை என்று பெயர். ஒன்றைக் கிடை அச்சிலும் மற்றதை நெடு அச்சிலும் வைத்து, எந்தக் கோணச் சேர்க்கையில் அணுக்கள் இடித்துக்கொள்கின்றன, எதில் இடிக்கவில்லை என்று கணக்கிட்டார்கள். பெரும்பாலான அமினோ அமிலங்களுக்குக் கட்டத்தின் முக்கால் பங்குக்கு மேல் தடைசெய்யப்பட்ட பகுதியாகப் போனது. எஞ்சிய சிறு தீவுகளில் ஆல்ஃபா சுருளும், பீட்டா தகடும், கொலாஜனின் சுருளும் விழுந்தன. பக்கக் கிளை இல்லாத கிளைசினுக்கு மட்டும் பரந்த இடம் கிடைத்தது. முப்பரிமாண அமைப்பு தெரிந்த புரதங்கள் விரல் விட்டு எண்ணக்கூடிய அளவே இருந்த 1963-ல் ‘ஜர்னல் ஆஃப் மாலிகுலர் பயாலஜி’ இதழில் இது வெளியானது. இன்று உலகில் எங்கே ஒரு புரதத்தின் அமைப்பைத் தீர்மானித்தாலும், அதில் பிழை உண்டா என்று பார்ப்பது ‘ராமச்சந்திரன் வரைபடத்தில்’ வைத்துத்தான். கணினி ஊகித்துத் தரும் அமைப்புகளுக்கும் இதே சோதனைதான்.

ஹைட்ரஜன் பிணைப்புச் சண்டை என்ன ஆயிற்று? 1994-ல் ஹெலன் பெர்மன், பார்பரா பிராட்ஸ்கி குழுவினர் கொலாஜனை ஒத்த சிறு பெப்டைடு ஒன்றின் படிக அமைப்பைத் தெளிவாகக் கண்டார்கள். மூன்று அமினோ அமிலங்களுக்கு ஒரு நேரடிப் பிணைப்புதான் இருந்தது. அந்த அளவில் கேம்பிரிட்ஜ் சொன்னது சரி. ஆனால் சங்கிலிகளைச் சுற்றி நீர் மூலக்கூறுகள் வரிசையாக நின்று கூடுதல் பாலம் போட்டிருந்தன. நீரின் வழியாக இரண்டாவது பிணைப்பு அமையலாம் என்று 1968-லேயே ராமச்சந்திரன் எழுதியிருந்தார்.

ஒரு கொலாஜன் மூலக்கூறு ஏறத்தாழ 300 நானோமீட்டர் நீளம், ஒன்றரை நானோமீட்டர் தடிமன். இவை ஒன்றுக்கொன்று சற்று விலகி அடுக்கப்படுவதால் இழையில் 67 நானோமீட்டருக்கு ஒரு முறை வரி தெரியும். அடுத்தடுத்த மூலக்கூறுகளைக் குறுக்குப் பிணைப்புகள் தைத்து வைக்கின்றன. எலும்பில் இதன் இடுக்குகளில் கால்சியம் பாஸ்பேட் படிகங்கள் அமர்கின்றன.

இந்தக் கட்டு அவிழ்வதை நாம் சமையலறையில் பார்க்கிறோம். ஆட்டுக்காலை மணிக்கணக்கில் கொதிக்கவிட்டால் மூன்று சங்கிலிகள் முறுக்கிய முச்சுருள் பிரிந்து ஜெலட்டினாகிறது. பாயா ஆறினால் கட்டிப்படுவது, பிரிந்த சங்கிலிகள் ஆங்காங்கே மறுபடி சுருண்டு வலையாவதால்தான். கட்டை அவிழாமல் நிறுத்துவதே தோல் பதனிடும் தொழில். பச்சைத் தோல் 60 டிகிரியைத் தாண்டியதும் சுருங்கிப்போகும், குரோம் ஏற்றிய தோலோ கொதிநீரையும் தாங்கும். குரோமியம் சங்கிலிகளுக்கு இடையே புதிய பிணைப்புகளைப் போட்டுவிடுகிறது. ஆவாரம்பட்டையின் துவர்ப்பொருளும் வேறு வழியில் அதே வேலையைச் செய்கிறது. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் ராணிப்பேட்டையிலும் அன்றாடம் நடப்பது கொலாஜன் வேதியியல்தான்.

வைட்டமின் சி இதில் எங்கே வருகிறது? கொலாஜனில் கிளைசினுக்கு அடுத்து நிறைய இருப்பது புரோலின். அதன் ஒரு பகுதியில் செல்லுக்குள் ஹைட்ராக்சில் தொகுதி ஏற்றப்படுகிறது. அதைச் செய்யும் நொதி இயங்க இரும்பும் வைட்டமின் சியும் தேவை. அது ஏற்றப்படாத முச்சுருள் சுமார் 24 டிகிரியிலேயே பிரிந்துவிடும், ஏற்றப்பட்டது உடல் வெப்பத்தைத் தாங்கும். மாதக்கணக்கில் கடலில் கிடந்த மாலுமிகளுக்கு ஈறு கசிந்து, ஆறிய பழைய புண் மறுபடி திறந்துகொண்ட ஸ்கர்வி நோய்க்கு இதுவே காரணம். 1747-ல் ஜேம்ஸ் லிண்ட் ஆரஞ்சும் எலுமிச்சையும் கொடுத்து அதைக் குணப்படுத்தினார். ஏன் குணமாகிறது என்பது புரிய இருநூறு ஆண்டுகள் ஆயின.

கிளைசினே மாறிப்போனால் கதை இன்னும் கடுமை. ஒவ்வொரு சங்கிலியிலும் முன்னூறு தடவைக்கு மேல் வரும் கிளைசினில் ஒரே ஒன்றின் இடத்தில் வேறு பெரிய அமினோ அமிலம் வந்தால், அங்கே சுருள் பிதுங்கி, மூன்று சங்கிலிகளும் சேர்ந்து மடிவது தாமதமாகிறது. லேசாக இடித்தாலும் எலும்பு முறியும் ‘ஆஸ்டியோஜெனிசிஸ் இம்பெர்ஃபெக்டா’ என்ற பிறவி நோய் பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது. சில குழந்தைகள் கருவிலேயே ஏற்பட்ட முறிவுகளோடு பிறக்கிறார்கள். எலும்பின் கொலாஜனில் ஆல்ஃபா-1 சங்கிலி இரண்டும் ஆல்ஃபா-2 ஒன்றும் இருக்கும். தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் வந்த இரு ஆல்ஃபா-1 மரபணுக்களில் ஒன்றில் மட்டும் பிழை இருந்தாலும், பிழையான சங்கிலி ஏதேனும் ஒன்று நான்கில் மூன்று மூலக்கூறுகளில் புகுந்துவிடும். அந்த மரபணு இயங்காமலே போனால் கொலாஜன் பாதியாகக் குறையும், ஆனால் உண்டாகும் மூலக்கூறு அத்தனையும் சரியானதாக இருக்கும். அந்தக் குழந்தைக்கு நோய் பெரும்பாலும் லேசாகவே அமைகிறது. இப்போது தரப்படும் பிஸ்பாஸ்போனேட் மருந்துகள் எலும்பு கரைவதைக் குறைக்கின்றன, சங்கிலியிலுள்ள பிழையை அவை தொடுவதில்லை. பிழையான மரபணுவை மட்டும் மௌனமாக்கி, கடும் நோயை லேசான நோயாக மாற்ற முடியுமா என்பதை ஆய்வகங்களில் முயன்று பார்த்துவருகிறார்கள்.