குறி தவறுவது ஏன்? திருத்துவது எவ்வாறு?



க.பொ.த. சாதாரண தரத்தில் நீங்கள் கற்கும் மூன்று பாடப்பகுதிகள் ஒரு விளையாட்டில் ஒன்றுசேர்கின்றன. அவை சமகோண முக்கோணிகள், இடையும் வீச்சும், மனிதக் கண் என்பனவாகும். அவ்விளையாட்டு 10 மீற்றர் வளித்துப்பாக்கி சுடுதல். துப்பாக்கி என்றதும் எங்கள் தென்மராட்சியில் பெரியவர்களுக்குப் போர்க்காலமே நினைவுக்கு வரும். இங்கு கூறப்படுவது அதுவன்று. அமுக்கப்பட்ட வளியினால் 4.5 மி.மீ. விட்டமுள்ள சிறு ஈயக்குண்டைக் கடதாசி இலக்கில் அல்லது இலத்திரனியல் இலக்கில் செலுத்தும் ஒலிம்பிக் விளையாட்டு இது. எமது நாட்டின் தெஹானி எகொடவெல 2021 இல் நடைபெற்ற டோக்கியோ ஒலிம்பிக்கில் இதில் பங்குபற்றினார்.

1. இலக்கு

இலக்கின் மிக வெளி வளையத்தின் விட்டம் 45.5 மி.மீ. ஆகும். நடுவிலுள்ள பத்துப் புள்ளி வளையம் 0.5 மி.மீ. விட்டமுள்ள ஒரு பொட்டு மாத்திரமே. ஒவ்வொரு வளையமும் 2.5 மி.மீ. அகலமுடையது.

2. நேரமைவு என்றால் என்ன?

துப்பாக்கியின் பின்பக்கத்தில் கண்ணுக்கு அருகே ஒரு சிறு துளை உண்டு. இதனைப் பின்துளை என்போம். குழலின் முனையில் ஒரு வளையம் உண்டு. இதனை முன்வளையம் என்போம். பின்துளையின் நடுவில் முன்வளையமும், முன்வளையத்தின் நடுவில் இலக்கின் கரும்பொட்டும் தெரிய வேண்டும். கரும்பொட்டைச் சுற்றியுள்ள வெள்ளை எல்லாப் பக்கமும் ஒரே அளவாக இருத்தல் அவசியம்.

பின்துளைக்கும் முன்வளையத்துக்கும் இடையிலான தூரம் 80 செ.மீ. எனக் கொள்வோம். முன்வளையம் 1 மி.மீ. வலப்புறம் விலகினால், 10 மீற்றர் தூரத்தில் விலகல் என்ன?

சமகோண முக்கோணிகளின்படி,
விலகல் = 1 × 10 000 ÷ 800 = 12.5 மி.மீ.

இது ஐந்து வளையங்களின் அகலமாகும். ஆனால் துப்பாக்கி முழுவதும் திசை மாறாமல் 1 மி.மீ. பக்கவாட்டில் அசைந்தால் குண்டும் 1 மி.மீ. மாத்திரமே விலகும். எனவே கை சற்று ஆடுவதிலும் பார்க்க, நேரமைவு குலைவதே அதிக புள்ளிகளை இழக்கச் செய்கின்றது.

3. கண் எதனைப் பார்க்க வேண்டும்?

முற்றத்தில் நின்று கையை நீட்டிப் பெருவிரலை நிமிர்த்துங்கள். ஒரு கண்ணால் தூரத்துப் பனைமரத்தை நோக்குங்கள். மரம் தெளிவாகும்போது விரல் மங்கும். விரல் தெளிவாகும்போது மரம் மங்கும். கண்வில்லை ஒரு வேளையில் ஒரு தூரத்துக்கே தன் தடிப்பைச் சரிசெய்து கொள்வதே இதற்குக் காரணம்.

ஆகவே முன்வளையத்தையே தெளிவாகப் பார்க்க வேண்டும். கரும்பொட்டு சற்று மங்கலாகத் தெரிந்தாலும் வட்டத்தின் நடுவைக் கண் எளிதில் கண்டுபிடிக்கும். முன்வளையம் மங்கினால் அது விலகியது தெரியவே வராது. பின்துளை மிகச் சிறிதாக இருப்பதும் உதவுகின்றது. ஊசித்துளைப் படப்பெட்டியிற் போல, சிறு துளையினூடாக வரும் ஒளி விம்பத்தின் மங்கலைக் குறைக்கின்றது. நெடுநேரம் உற்றுப் பார்த்தால் கண் களைத்துவிடும். அப்போது சுடாமல் துப்பாக்கியைத் தாழ்த்தி, மீண்டும் தொடங்குவதே நன்று.

4. ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி

(அ) கன்னம் துப்பாக்கியில் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் பதிய வேண்டும். இடம் மாறினால் கண்ணின் நிலையும் மாறும்.
(ஆ) குறி பார்த்தபின் கண்களை மூடி, உடலைத் தளர்த்தி, மீண்டும் திறக்க வேண்டும். குறி விலகியிருந்தால் கையால் தள்ளாமல் பாதங்களின் நிலையை மாற்ற வேண்டும்.
(இ) மூச்சை வெளிவிட்டு, இயல்பாக வரும் இடைவெளியில் சுட வேண்டும்.
(ஈ) விசையை வெடுக்கென இழுக்காமல் நேராகப் பின்னோக்கி மெதுவாக அழுத்த வேண்டும். குண்டு சென்ற பின்னும் ஒரு கணம் அசையாதிருக்க வேண்டும்.

5. தவறு எவ்வகையானது?

இரு மாணவிகள் ஐந்து முறை சுடுகின்றனர். நடுவிலிருந்து வலப்புற விலகல் (+), இடப்புற விலகல் (–) மி.மீ. இல்:

மாணவி அ: +8, +9, +8, +10, +10 (இடை +9, வீச்சு 2)
மாணவி ஆ: –9, +6, 0, –5, +8 (இடை 0, வீச்சு 17)

மாணவி ஆ இன் இடை 0 என்பதால் அவரே சிறந்தவர் என எண்ண வேண்டாம். மாணவி அ இன் குண்டுகள் ஓரிடத்தில் குவிந்துள்ளன. அவர் பின்துளையை இடப்புறம் நகர்த்தினால் போதும். மாணவி ஆ திருகாணியைத் திருப்பிப் பயனில்லை. அவர் பகுதி 4 இல் கூறியவற்றைப் பயில வேண்டும். முன்னது நகர்வு, பின்னது சிதறல். இரண்டுக்கும் மருந்து வேறு.

இந்தியாவின் அபினவ் பிந்த்ரா 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக் இறுதிச் சுற்றில் ஏழாமிடம் பெற்றார். 2008 ஓகஸ்ட் 11 இல் பீஜிங்கில் கடைசிச் சூட்டுக்கு முன்னர் அவரும் பின்லாந்து வீரர் ஹக்கினெனும் சமநிலையில் இருந்தனர். பிந்த்ரா 10.8 புள்ளி பெற்று, மொத்தம் 700.5 உடன் இந்தியாவின் முதலாவது தனிநபர் ஒலிம்பிக் தங்கத்தை வென்றார். இரண்டாமிடத்துக்கும் அவருக்கும் வித்தியாசம் 0.8 புள்ளியே. சென்னையில் பிறந்த ககன் நரங் 2012 இல் இலண்டனில் இதே போட்டியில் வெண்கலம் பெற்றார்.

மனதில் இருத்துக

கடந்தகால வினாத்தாள்களில் இழந்த புள்ளிகளையும் இவ்வாறே நோக்குங்கள். எல்லாவற்றையும் “கவனயீனம்” என்று எழுதிவிடாதீர்கள். மூன்று வினாத்தாள்களிலும் ஒரே பாட அலகில் புள்ளி குறைந்தால் அது நகர்வு. அந்த அலகை மீளக் கற்றால் திருந்தும். ஒவ்வொரு முறையும் வெவ்வேறு இடத்தில் குறைந்தால் அது சிதறல். வினாவை முழுமையாக வாசித்தல், நேரம் பிரித்தல் ஆகிய பழக்கங்களைச் சீராக்க வேண்டும்.

பயிற்சி

1. பின்துளைக்கும் முன்வளையத்துக்கும் இடையிலான தூரம் 75 செ.மீ. முன்வளையம் 0.6 மி.மீ. விலகினால் 10 மீற்றரில் விலகல் யாது?
2. ஐந்து சூடுகள்: +4, +6, +5, +7, +3 மி.மீ. இடையையும் வீச்சையும் கண்டு, செய்ய வேண்டிய திருத்தத்தைக் கூறுக.
3. குறி பார்க்கும்போது முன்வளையம் தெளிவாகத் தெரிய வேண்டியது ஏன்?

விடைகள்: 1. 8 மி.மீ. 2. இடை +5, வீச்சு 4. பின்துளையை இடப்புறம் நகர்த்த வேண்டும். 3. பகுதி 3 ஐப் பார்க்க.